பால்மரத்து இலைக் கணக்கு

பிப்ரவரி 16, சுங்கை சிப்புட், மலேசியா

ரப்பர் மரங்கள் இலை கொட்டும் காலம். பால் பிடிக்கும் மங்கில் (கிண்ணத்தில்) அடி மட்டும்தான் நனைகிறது. வேலிக்கு அந்தப் பக்கத்து நிரை மொட்டையாகிவிட்டது, எங்கள் மரங்களில் பாதி இலைகூட விழவில்லை. ஒரே மண், ஒரே மழை. "இது அறுநூறுடா, அது வேற ஜாதி" என்றார் அப்பா. அறுநூறு என்றால் ஆர்ஆர்ஐஎம் 600, மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஜாவாவின் ஜிர் 1 ரகத்தையும் பிராங் பெசார் தோட்டத்து பிபி 86 ரகத்தையும் சேர்த்து எடுத்த ரகம். பிராங் பெசார் இருந்த இடத்தில்தான் இப்போது அரசாங்க நகரமான புத்ராஜெயா!

பிப்ரவரி 21

மறுநடவுக்குக் கன்று பார்க்கப் போனோம். அப்பா கன்றில் கட்டிய பெயர்ச்சீட்டைப் பார்ப்பதே இல்லை, இலையைத்தான் பார்ப்பார். ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறதா விலகி நிற்கிறதா, மேற்புறம் மினுங்குகிறதா, இலையடுக்கு கூம்பா அரைவட்டமா என்று தடவித் திருப்பிப் பார்த்து ரகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். ஒட்டுக்கட்டிய கன்றுகள் என்பதால் ஒரே ரகத்தில் எல்லாமே நகல், அதனால்தான் இது சாத்தியம்.

மார்ச் 1

கோலகங்சார் போனபோது நில அலுவலகத்துப் பக்கத்தில் நிற்கும் கிழட்டு ரப்பர் மரத்தையும் பார்த்தேன். 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளோடு தொடங்கிய கதையின் மிச்சம். அதற்கு முந்தின வருஷம் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய விதைகள் சுமார் 70,000, முளைத்தவை கொஞ்சம். நம் ரகங்கள் பெரும்பாலும் அந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுகள்தான். இது போதாது என்று 1981-இல் மறுபடி அமேசான் காட்டுக்குப் போய் விதை சேர்த்தார்கள். அவற்றில் பல மரங்கள் மளமளவென்று பருத்தன, ஆனால் பால் கஞ்சம்.

மார்ச் 8

எதிர்வீட்டு மாமா, "வேகமா வளர்றதப் பார்த்து நடு" என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. ஓர் இலை எவ்வளவு சுறுசுறுப்பாக வெயிலைச் சர்க்கரையாக்குகிறது என்பது ஒன்று, மரத்தில் மொத்தம் எவ்வளவு இலை, அது எத்தனை மாதம் நிற்கிறது, கீழ் அடுக்குக்கு வெளிச்சம் இறங்குகிறதா என்பதெல்லாம் வேறு. அப்புறம் அந்தச் சர்க்கரை எங்கே போகிறது? மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்ததும் பாலுக்காகப் பட்டையைச் சீவத் தொடங்குகிறோம், உடனே ஒரு பங்கு பாலுக்குத் திரும்பிவிடுகிறது, மரம் பருப்பது மெதுவாகிறது. எவ்வளவு மெதுவாகும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். சீவத் தொடங்கின பிறகும் பருக்கிற ரகம்தான் எனக்கு வேண்டும்.

மார்ச் 10

மூன்று ஏக்கரிலும் ஒரே ரகம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நகல் மரங்களில் ஒன்றுக்கு இலைநோய் பிடித்தால் மற்றதெல்லாம் அதே போல் நோய்க்கு இடம் கொடுக்கும், அறுநூறுக்கோ மழைக்காலத்தில் இலை விழும் நோய் சுலபமாக வரும். "ரெண்டு ரகம் போட்டா சீவுறவனுக்குத்தான் தலைவலி" என்றார். அதுவும் சரிதான். இருந்தாலும் இரண்டு ரகத்துக்கும் முன்பணம் கட்டிவிட்டேன்.