சாக்கடலில் மிதந்த அம்மா

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவர் என் அம்மா. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து போன எங்கள் குழுவுக்கு ஜெருசலேமிலிருந்து ஒருநாள் சுற்றுலா. முதலில் மசாடா. கேபிள் காரில் ஏறினோம். ஏரோது மன்னன் கட்டிய மலைக்கோட்டை. மேற்கே ரோமானியர் முற்றுகைக்காக எழுப்பிய மண்மேடு இன்றும் நிற்கிறது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியவை பாறையில் குடைந்த தண்ணீர்த் தொட்டிகள். எப்போதோ பெய்யும் மழையின் வெள்ளத்தைக் கால்வாய் வெட்டித் திருப்பி நிரப்பியிருக்கிறார்கள். அங்கே இன்னும் அரைமணி நேரம் தந்திருக்கலாம்.

அப்புறம் சாக்கடல். கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே. உப்பு, மற்றக் கடல்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு. அம்மா என் கையைப் பிடித்தபடி மெல்ல மல்லாந்தார். கால்கள் தானாக மேலே வந்தன.

"கையை விடுடா, நான் பாத்துக்கறேன்" என்றார்.