மணலா, தண்ணீரா?

“வால்வு சொட்டினால் என்ன செய்வாய் என்று எனக்குப் பதிலாக வரும் அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் சார். அப்புறம் என்னை இறக்கிவிடுங்கள்.” டேங்கர் லாரி டிரைவர் அண்ணன் கோபமில்லாமல்தான் சொன்னார்.

அவருடைய லைசென்ஸில் அபாயகரமான சரக்கை ஓட்டலாம் என்ற பதிவு, அதாவது எண்டார்ஸ்மென்ட், காலாவதியாகியிருந்தது. ராணிப்பேட்டைக்குப் போக வேண்டிய லோடு, 98 சதவீதக் கந்தக அமிலம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி தெளிவாக இருக்கிறது: பயிற்சி பெற்று, லைசென்ஸில் பதிவு செய்துகொள்ளாதவர் இந்த வண்டியை ஓட்டக் கூடாது. வழியில் ஏதாவது நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரிக்கலாம். லோடு அனுப்பும் பொறுப்பில் இருக்கும் நான் அவரை நிறுத்தியது சரி. இன்றும் நிறுத்துவேன்.

லாரி உரிமையாளர் வேறொரு டிரைவரை அனுப்பினார். 3 நாள் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது, எண்டார்ஸ்மென்ட் இருந்தது, கேபினில் ட்ரெம் கார்டு, அதாவது கசிவோ விபத்தோ நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை, இருந்தது. டேங்கரின் பலகையில் கந்தக அமிலத்தைக் குறிக்கும் 1830 என்ற ஐ.நா. எண்ணும் அரிக்கும் பொருளுக்கான அடையாளமும் பளிச்சென்று தெரிந்தன. கேட்டேன்.

“தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன் சார்.”

உடம்பில் பட்டால் தண்ணீர்தான், அதுவும் ஏராளமாக. தரையில் தேங்கிய அமிலத்தில் ஊற்றினாலோ கொதித்து முகத்தில் தெறிக்கும். அங்கே மணலால் அணை கட்ட வேண்டும். அண்ணனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

டிரைவருக்கு ஆபத்தை விளக்கும் பொறுப்பு சரக்கை அனுப்புகிறவருக்கும் உண்டு. எனவே ட்ரெம் கார்டை விரித்து வரிவரியாகத் தமிழில் சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தேன். சரியாகச் சொன்னார். கேட் பாஸில் கையெழுத்திட்டேன். ஆனால் வாலாஜா பக்கம் நள்ளிரவில் வால்வு கசிந்து, ஊர்க்காரர்கள் குடத்தோடு ஓடிவந்தால் அந்தப் பாடம் நினைவுக்கு வருமா? வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அது எதையும் நிரூபிக்கவில்லை. அன்று வால்வு கசியவில்லை, அவ்வளவுதான்.

விதி இல்லாவிட்டால் நாளை யார் வேண்டுமானாலும் “எனக்கு அனுபவம் இருக்கிறது” என்று ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. சொல்லி முடிக்கும்போதெல்லாம் அந்தத் தம்பியின் பதில்தான் காதில் விழுகிறது.

இப்போது ஒவ்வொரு டிரைவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறேன். பதில் தவறாக இருந்தால் வண்டியை நிறுத்தலாமா என்று மேலாளரிடம் கேட்டபோது, “பேப்பர் சரியாக இருந்தால் அனுப்பிவிடுங்கள்” என்றார். எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிவைக்கிறேன்.