நத்தாருக்கு முன் ரிப்பீட் மருந்து: டிசம்பர் நாட்குறிப்பு

2025 டிசம்பர் 1, திங்கள்

இங்கிலாந்தில் ரிப்பீட் மருந்து (ஒவ்வொரு முறையும் டொக்டரைப் பார்க்காமல் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் மருந்து) எடுப்பவர்கள் இன்றைக்கே பெட்டியைத் திறந்து குளிசைகளை எண்ணிவிடுங்கள். ஒரு அட்டையில் 14, பெட்டிக்கு இரண்டு அட்டை, ஆக 28. மாதம் ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டால் பிழைக்கும். வருடத்துக்கு 12 அல்ல, 13 பெட்டி வேண்டும்.

கையில் ஏழு முதல் பத்து நாள் மருந்து இருக்கும்போதே கேட்பது நல்லது. மருந்து வரும் வழியில் இரண்டு வரிசை உண்டு. சர்ஜரி, அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக், வழக்கமாக இரண்டு வேலை நாள் எடுக்கும். டொக்டர் ஒப்பமிட்டதும் மருந்துச் சீட்டு கணினி வழியே பாமசிக்குப் போகும். அங்கே மருந்தை எடுத்துவைக்க இன்னும் ஓரிரு நாள். சர்ஜரியில் "அனுப்பியாச்சு" என்றால் சீட்டு போய்விட்டது, அவ்வளவுதான். பை கட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

டிசம்பர் 4, வியாழன்

போனில் ரிப்பீட் எடுக்காத சர்ஜரிகள்தான் அதிகம். என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) செயலியில் உங்கள் ரிப்பீட் பட்டியல் இருக்கும். தேவையானதை மட்டும் தெரிவு செய்து அனுப்புங்கள். செயலி சரிவராதவர்கள் பச்சை மருந்துச் சீட்டின் வலப்பக்கத் துண்டில் அடையாளமிட்டு சர்ஜரிப் பெட்டியில் போடலாம். அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் கேட்பதென்றால் அவர்களுடைய கடவுச்சொல்லை வாங்காதீர்கள். சர்ஜரியில் ப்ரொக்சி அனுமதி, அதாவது அவர்களுக்காக நீங்கள் கேட்பதற்கான அனுமதி, கேளுங்கள்.

பாமசியை மாற்றினால் அடுத்த சீட்டுத்தான் புது இடத்துக்குப் போகும். ஏற்கெனவே போன சீட்டைப் பழைய பாமசி கணினியில் திருப்பி விட்டால்தான் புதியவர் இழுக்கலாம். "சீட்டைக் காணவில்லை" என்ற கூச்சலில் பாதி இதனால்தான்.

டிசம்பர் 8, திங்கள்

எல்லா மருந்தும் ஒரே நாளில் தீராது. குளிசை 28 நாளில் தீரும். 200 இழுப்பு உள்ள தடுப்பு இன்ஹேலரை காலை இரண்டு, இரவு இரண்டு என்று இழுத்தால் 50 நாள் வரும். இன்சுலின் 3 மில்லி பேனா ஐந்தில் 1500 யூனிட். நாளுக்கு 30 என்றாலும் ஒவ்வொரு ஊசிக்கும் முன் 2 யூனிட் சோதித்து விடுவதால் 50 நாளுக்கு முன்பே முடிந்துவிடும். மாதம் மூன்று முறை அலையாமல், எல்லாவற்றையும் ஒரே திகதிக்குக் கொண்டுவர ஒருமுறை மட்டும் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் தரும்படி சர்ஜரி பாமசிஸ்டிடம் கேளுங்கள். மூச்சு முட்டும்போது இழுக்கும் நீல இன்ஹேலர் தேவைக்கு மட்டும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

டிசம்பர் 10, புதன்

கேட்ட மருந்து மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் மீளாய்வுத் திகதி (அந்த மருந்து இன்னும் பொருந்துகிறதா என்று சர்ஜரி பார்க்கவேண்டிய நாள்) கடந்ததுதான். ராமிப்ரில் என்ற பிரஷர் மருந்துக்கு சிறுநீரகமும் பொட்டாசியமும், தைரொய்ட் மருந்தான தைரொக்சினுக்கு தைரொய்ட் அளவும் இரத்தத்தில் பார்க்கவேண்டும். இரத்தம் கொடுக்காவிட்டால் 28க்குப் பதிலாக 7 அல்லது 14 குளிசை வரலாம். வரவேற்பு மேசையில் இருப்பவரோடு சண்டை பிடித்துப் பலனில்லை; ஒப்பமிடுபவர் அவர் அல்ல. இரத்தப் பரிசோதனைக்கு அவரிடமே நாள் எடுங்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

நத்தார் வியாழன், 26 வெள்ளி. இரண்டும் விடுமுறை, பின்னால் சனி ஞாயிறு. 23ஆம் திகதி பின்னேரம் கேட்டால் 24 ஒரு வேலை நாள், அடுத்தது 29. பாமசிக்கு 30. அதற்குள் ஜனவரி 1 வந்துவிடும். மருந்து கேட்கக் கடைசி நாள் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 15, திங்கள்

காசு. ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, 28 நாளுக்குத் தந்தாலும் 56 நாளுக்குத் தந்தாலும் அதே தொகை. வருடத்துக்கு 12 மருந்தோ அதற்கு மேலோ வாங்குபவர் 114.50 பவுண்டு முன்பணச் சான்றிதழ் (வருடம் முழுவதுக்குமான மருந்துக் காசை முன்கூட்டியே கட்டுவது) எடுத்தால் லாபம். 60 வயதானால் இலவசம்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு எல்லா மருந்தும் இலவசம், ஆனால் எஃப்பி92ஏ படிவம் நிரப்பி அட்டை எடுத்திருக்கவேண்டும். அட்டை இல்லாமல், காசு கட்டத் தேவையில்லை என்று சீட்டில் உள்ள விலக்குப் பெட்டியில் அடையாளமிட்டால் மருந்துக் காசோடு 100 பவுண்டு வரை தண்டம் வரும். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கும், பிரஷர், ஆஸ்துமாவுக்கும் இந்த அட்டை கிடையாது. ஆஸ்துமாவை ஏன் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத நியாயம்.

டிசம்பர் 27, சனி

இன்று மருந்து முடிந்தவர்கள் என்எச்எஸ் உதவி எண்ணான 111க்கு அழையுங்கள், அல்லது 111 இணையத்தளத்தில் அவசர மருந்து கேளுங்கள். திறந்திருக்கும் பாமசிக்கு அனுப்புவார்கள். வெறும் பெட்டியை எறியாமல் கொண்டுபோங்கள். பெயரும் அளவும் அதில் ஒட்டியிருக்கும். மோர்பின், டிரமடோல், பிரிகபலின் போன்ற கட்டுப்பாடுள்ள மருந்துகளை பாமசிஸ்ட் இப்படித் தரமுடியாது. அவற்றுக்கு 111 மூலம் டொக்டரோடுதான் பேசவேண்டும்.