மூன்று மதிப்பெண்ணும் பத்து ரூபாய் அபராதமும்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வின் முதல் மாதிரித் தேர்வை எழுதினேன். கணிதப் பகுதியில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் மூன்று. முப்பது என்று எழுத வந்து சுழியை விட்டுவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அறுபத்தாறுக்கு மூன்று.

அந்த மூன்றையும் நான் எளிதில் ஈட்டிவிடவில்லை. கணிதப் பகுதியில் 22 கேள்விகள், 40 நிமிடங்கள். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் ஒரு மதிப்பெண் பறிபோகும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் தவறினால் நட்டம் இல்லை. பொறியியல் கல்லூரியில் எம்-ஒன், எம்-டூ, எம்-த்ரீ ஆகிய மூன்று கணிதத் தாள்களையும் அரியர் வைக்காமல் கடந்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு என்பதால், ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போவது குலத்துக்கே இழுக்கு என்று கருதி, 22இல் 20 கேள்விகளைத் தொட்டேன். ஐந்து சரி, பதினைந்து வந்தது. பன்னிரண்டு தவறு, பன்னிரண்டு போனது. தட்டச்சு செய்த மூன்று தவறுகள் யாருக்கும் தீங்கு செய்யாமல் அப்படியே கிடந்தன.

தோசைக்காக வந்திருந்த அக்கா மகள் என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள். "சித்தி, ஒன்றையுமே தொடாமல் தூங்கியிருந்தால் பூஜ்யம் வந்திருக்கும். நீ நாற்பது நிமிடம் உழைத்து, தூங்குகிறவர்களைவிட மூன்று மதிப்பெண் அதிகம் வாங்கியிருக்கிறாய்" என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் கூடுதலாக வலித்தது.

என்னுடைய தயாரிப்பு எப்படித் தொடங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணிதம் என்றால் கடினமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில், பரணிலிருந்து கல்லூரிப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டி, இரண்டு வாரங்கள் தொகையிடல் கணக்குகளாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட் தேர்வில் தொகையிடல் உள்ளிட்ட நுண்கணிதம் கேட்பதில்லை என்பதைப் பதினைந்தாம் நாள்தான் கவனித்தேன். அங்கே கேட்பதெல்லாம் சதவீதம், விகிதம், வேலையும் நேரமும், வேகமும் தூரமும், இருபடிச் சமன்பாடு, முக்கோணம், வட்டம். அதாவது அக்கா மகளின் பள்ளிப் பையில் இருக்கும் சரக்கும், அதற்கு மேல் கொஞ்சமும். அந்த மாலையே அவளுடைய பாடப் புத்தகத்தைக் கடன் கேட்டேன். "கிழிக்காமல் தர வேண்டும்" என்ற நிபந்தனையோடு தந்தாள்.

பிறகுதான், எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் கணக்கு வரும் என்பது எனக்குத் தெரியவந்தது.

முதலில் அம்மா. ஒரு பொருளுக்கு 20 சதவீதத் தள்ளுபடி, அதன்மேல் மீண்டும் 20 சதவீதத் தள்ளுபடி என்றால் மொத்தத் தள்ளுபடி எவ்வளவு என்ற கேள்வியை நான் உரக்கப் படித்துவிட்டு, நாற்பது என்றும் உரக்கச் சொன்னேன். அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "எந்தக் கடையில் நாற்பது கொடுக்கிறான்? ஆயிரம் ரூபாய்ப் புடவை முதலில் எண்ணூறு ஆகும். அடுத்த இருபதை எண்ணூறுக்குத்தானே போடுவான்? அறுநூற்று நாற்பது கேட்பான். உனக்கு மிச்சம் நூற்றுக்கு முப்பத்தாறுதான்." முப்பது வருடங்களாகத் தியாகராய நகரில் தீபாவளிக்குத் துணி எடுத்தவருக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை.

அடுத்தது பாட்டி. பின்னங்களைச் சதவீதமாக மனப்பாடம் செய்துகொண்டால் நேரம் மிச்சமாகும் என்பது கேட் எழுதுகிறவர்கள் அனைவரும் சொல்லும் அறிவுரை. ஆகவே நான், எட்டில் ஒன்று 12.5, பதினாறில் ஒன்று 6.25 என்று கூடத்தில் நடந்துகொண்டே உருப்போட்டேன். ஊஞ்சலில் இருந்த பாட்டி, கணக்குப்பிள்ளையின் மகள், "அரைக்காலையும் மாகாணியையும் எதற்கடி இப்படி ஒப்பாரி மாதிரி சொல்கிறாய்?" என்றார். கால் என்றால் 25. அதில் அரை, அரைக்கால், பன்னிரண்டரை. அதிலும் அரை, மாகாணி, ஆறேகால். அத்தோடும் விடவில்லை. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, இரண்டையும் கூட்டினால் மாகாணி, பெயரிலேயே விடை இருக்கிறது என்றார். நான் நம்பாமல் தாளில் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் ஒன்றேகாலும் ஆறேகால். சரியாக வந்தது. ஒரு பின்னத்தின் பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கை மடித்து வைத்திருந்தவர்களின் வழியில் வந்துவிட்டு, நான் கைப்பேசிச் செயலியில் பின்னங்களைப் பயின்றுகொண்டிருந்தேன்.

ஏழில் ஒன்றுக்கு என்ன பெயர் என்று கேட்டு அவரை மடக்கப் பார்த்தேன். "ஏழு பேருக்குப் பங்கு வைத்தால் சண்டைதான் வரும், கணக்கு வராது" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலை ஆட்டத் தொடங்கினார். 14.28ஐ மட்டும் நானே மனப்பாடம் செய்துகொண்டேன்.

தொட்டிக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று ஒன்பது மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டும் திறந்திருந்தால் எப்போது நிரம்பும் என்ற கேள்விக்குப் பதினெட்டு மணி நேரம் என்று நான் சரியாகக் கண்டுபிடித்த அதே காலைப் பொழுதில், நான் போட்டு மறந்த மோட்டாரின் தயவால் எங்கள் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டுக்காரர் வெயிலில் காயவைத்திருந்த மிளகாய் முழுவதும் நனைந்தது.

இவ்வளவு பயிற்சிக்குப் பின்னும் ஆகஸ்டு மாத மாதிரித் தேர்வுகளில் ஒன்பது, பதினொன்று, மறுபடியும் ஒன்பது என்றுதான் வந்தது. ஒரு நோட்டில் என் தவறுகளை வகை பிரித்து எழுதத் தொடங்கினேன். அம்மா அதே நோட்டைப் பின்பக்கத்திலிருந்து பால் கணக்குக்குப் பயன்படுத்தியதால், ஒருநாள் "பால்காரர் இரண்டு நாள் வரவில்லை" என்பதும் என் தவறுகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம். நான் போட்ட தலைப்புகள் மூன்று: "தெரியவில்லை", "தெரியும், ஆனால் அவசரப்பட்டேன்", "விட்டிருக்க வேண்டும்". ஐந்தாண்டுக்குப் பிந்தைய வயதைக் கேட்டால் இன்றைய வயதைச் சொல்லிவிட்டு வருவது போன்றவை இரண்டாம் தலைப்பின் கீழ் வந்தன. முதல் தலைப்பு நாளடைவில் மெலிந்தது. மூன்றாவது மட்டும் ஆடி மாதத்துக் காவிரி போலப் பெருகிக்கொண்டே போனது.

40 நிமிடங்களை 22 கேள்விகளுக்குப் பங்கிட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட வராது. நானோ, வராத கணக்கு ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடியாகப் பிடித்து, எட்டு நிமிடம் மல்லுக்கட்டி, தவறான விடையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மதிப்பெண்ணையும் கப்பமாகக் கட்டிவிட்டு வந்தேன். அந்த எட்டு நிமிடத்தில் போட்டிருக்கக்கூடிய மூன்று எளிய கேள்விகள், நான் வந்து சேராத கடைசிப் பக்கத்தில் காத்துக்கிடந்தன.

நோட்டைப் படித்த அக்கா மகள் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். மாதிரித் தேர்வின்போது அவள் நேரங்காட்டியுடன் என்னருகில் அமர்வாள். ஒரு கேள்வியில் நான் மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றால் பத்து ரூபாய் அபராதம். நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். செப்டம்பர் மாதத்தில் மட்டும் 640 ரூபாய் கட்டினேன். அதாவது அறுபத்து நான்கு கேள்விகளில் மாட்டிக்கொண்டேன். அவள் பேட்மின்டன் மட்டை வாங்கினாள்.

ஆனால் அபராதம் வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படிப்பதற்குப் பல ஆயிரம் செலவிடத் தயாராக இருந்தவளுக்கு, ஒன்பதாம் வகுப்புச் சிறுமியின் உள்ளங்கையில் பத்து ரூபாயை வைப்பது தாங்கவில்லை. கேள்வியைப் படித்ததும், இது எனக்கு வருமா, வந்தாலும் இரண்டு நிமிடத்தில் முடியுமா என்று கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன். முதல் சுற்றில் பார்த்ததும் வழி தெரிகிறவற்றை மட்டும் போட்டேன். வழி தெரிந்தும் நீளமானவற்றை இரண்டாம் சுற்றுக்கு வைத்தேன். மற்றவற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். மதிப்பெண் பதினான்கு ஆயிற்று, பிறகு பதினெட்டு.

அக்டோபரில் அபராதம் 70 ரூபாய்க்குச் சரிந்தது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. வருமானம் குறைந்த கண்காணிப்பாளர், "சித்தி, இதையா விடுகிறாய்? பார்த்தால் சுலபமாக இருக்கிறதே" என்று காதோரம் சொல்லத் தொடங்கினார். ஒருநாள் ஒரு மடக்கை (லாகரிதம்) கணக்கைக் காட்டி, "எம்-த்ரீ பாஸ் செய்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?" என்றாள். பதினொரு நிமிடம் போனது. பத்து ரூபாயும் போனது. அன்றைய மதிப்பெண் எட்டு. ஊக்கத்தொகையைத் தவறாக வகுத்தால் காவல்காரரே கதவைத் திறந்துவிடுவார் என்பது மேலாண்மைப் பள்ளியில் சேர்ந்த பிறகு கற்க வேண்டிய பாடம். நான் நுழைவதற்கு முன்பே கட்டணம் செலுத்திக் கற்றுக்கொண்டேன்.

அக்காவின் முன்னிலையில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அபராதம் தொடரும், ஆனால் நான் சரியாகக் கைவிட்ட ஒவ்வொரு கடினமான கேள்விக்கும் அவளுக்கு ஐந்து ரூபாய் கிடைக்கும். கேள்வி உண்மையிலேயே கடினமானதா என்பதை அவளே போட்டுப் பார்த்து நிரூபிக்க வேண்டும். இதன் விளைவாக அவள் நவம்பருக்குள் கேட் கணக்குகளில் பாதியைப் போடக் கற்றுக்கொண்டாள் என்பதும், அவளுக்கு வந்த சில கணக்குகள் எனக்கு வரவில்லை என்பதும் இந்தப் பதிவில் சேர்க்க வேண்டாம் என்று நான் நினைத்திருந்த செய்திகள்.

நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. புறநகர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பகல் பன்னிரண்டரை மணித் தேர்வு. முதல் நாற்பது நிமிடம் ஆங்கிலம், அடுத்த நாற்பது தரவுகளும் தர்க்கமும், கடைசியில்தான் கணிதம். ஒரு பகுதியின் நேரம் முடியும்வரை அடுத்ததற்குப் போக முடியாது. ஆகவே பலிபீடத்துக்குப் போகும் ஆட்டுக்கு எண்பது நிமிடம் புல் கிடைத்தது போலத்தான் இருந்தது. கணிதப் பகுதி திறந்தது. திரையிலேயே கணிப்பான் உண்டு. பதற்றத்தில் பதினேழை ஆறால் பெருக்குவதற்குக்கூட கணினிச் சுட்டியால் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினேன். பாட்டி பார்த்திருந்தால் ஊஞ்சலிலிருந்து இறங்கியே வந்திருப்பார்.

ஒன்பதாவதோ பத்தாவதோ கேள்வியில் மடக்கை வந்தது. முதல் வரி மிகவும் நட்பாக இருந்தது. இரண்டாவது வரியை எழுதியும்விட்டேன். அப்போது என் இடது தோளுக்குப் பின்னால் ஒரு சிறிய உள்ளங்கை நீண்டிருப்பது போலத் தோன்றியது. பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மொத்தம் பன்னிரண்டு கேள்விகளைத் தொட்டேன். பத்தைத் தொடவே இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் விடைக்குறிப்பு வெளியானபோது ஒப்பிட்டுப் பார்த்தேன். எட்டு சரி, நான்கு தவறு, இருபது மதிப்பெண்கள். பின்னர் முடிவு வந்தபோது கணிதத்தில் 90 பெர்சன்டைலை மயிரிழையில் தாண்டியிருந்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அப்படியல்ல, தேர்வெழுதிய ஏறத்தாழ 2.93 லட்சம் பேரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எனக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று பொருள் என விளக்கினேன். அம்மா ஒரு கணம் யோசித்தார். "அப்படியென்றால் உனக்கு முன்னால் இருபத்தொன்பதாயிரம் பேர் நிற்கிறார்களா? திருப்பதி இலவச தரிசன வரிசை மாதிரியல்லவா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, தெருவில் சொன்னதைத் திருத்த வேண்டாம் என்றும் முடிவு செய்தார்.

விடைக்குறிப்பு வந்த அந்த இரவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் உறங்கப் போன பிறகு, நான் விட்டுவிட்டு வந்த அந்த மடக்கைக் கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அக்கா மகள் தண்ணீர் குடிக்க வந்து, தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கைப்பையைத் திறந்து, பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் முன்கூட்டியே வைத்துவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினேன்.