மொரிஸ் மைனரின் அடித்தட்டுக் கறள்

மொரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்கள் மட்கார்ட்டில் கறள் கண்டால் பதறுகிறார்கள். மட்கார்ட் போல்ட்டில் நிற்கிற சாமான். கழற்றி வேறு பூட்டலாம். பார்க்க வேண்டிய இடம் முன் சீற்றுகளுக்குக் கீழே, காரின் முழு அகலத்துக்கும் குறுக்காக ஓடும் குரொஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம். மைனரின் முன் சில்லுகளுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டோர்ஷன் பார் என்ற நீண்ட உருக்குக் கம்பி முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தக் கம்பியின் பின் நுனியைப் பிடித்து வைத்திருப்பது இந்தக் குரொஸ் மெம்பர். அது உக்கிய காரில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காருக்குப் பாரம் தாங்கும் அடிச்சட்டம், அதாவது செசி, தனியாக இல்லை. தளத்தகடு, கதவுகளுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டி, குரொஸ் மெம்பர், முன்னால் எஞ்சினுக்கு இரு பக்கமும் நீளும் இரண்டு கால்கள் எல்லாம் ஒன்றோடொன்று வெல்ட் பண்ணி ஒட்டப்பட்டுச் சேர்ந்து நிற்பதுதான் அதன் பலம். ஒன்று போனால் மற்றதில் பாரம் ஏறும். கதவு தூக்கிச் சாத்த வேண்டி வந்தால் பிணைச்சலை மட்டும் குற்றம் சொல்லாமல் கீழே குனிந்து பாருங்கள்.

எங்களுடையது 1098 சீசீ எஞ்சின் போட்ட நாலு கதவுக் கார், மாமாவினது. பருத்தித்துறையில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது. போர்க் காலப் பொருளாதாரத் தடை நாட்களில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அந்த நாட்களில் தளத்தில் ஓட்டை விழுந்தபோது தார்ப் பீப்பாத் தகரத்தை வெட்டி மேலே வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையே இல்லை. கிடைத்த சாமானை வைத்துக் காரை ஓட வைத்த மனிதர்கள் அவர்கள். இன்று தகடும் வெல்டிங் காஸும் கடையில் கிடைக்கும்போது அதையே செய்வதற்குத்தான் எங்களிடம் நியாயம் இல்லை.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு பழைய டிங்கர் அண்ணை இருக்கிறார். கார்ப்பெற், சீற் எல்லாம் கழற்றிவிட்டு அவரைக் கூட்டி வந்தேன். சுத்தியலின் பின் பக்கத்தால் அடித்தட்டைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்று சொல்லும், உக்கினது சத்தமே இல்லாமல் அமுங்கும். வலது பக்க ஜக் வைக்கிற இடத்துக்கு வந்ததும் ஸ்குரூட்ரைவரை எடுத்துக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. “தம்பி, மேலை பெயின்ற் நிக்குது, உள்ளுக்கை ஒண்டுமில்லை. பேஸ்ட் பூசி மினுக்கிறதெண்டால் என்னைக் கூப்பிடாதை. வெட்டுறதெண்டால் வாறன்” என்றார். வெட்டுவது என்று முடிவானது.

ஆனால் கட்டிங் டிஸ்க்கைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் பாதி வேலை. பற்றறியைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்தோம். தளத்துக்கு அடியில் ஓடும் பெற்றோல் குழாய், பிரேக் குழாய், வயர் எல்லாவற்றையும் ஒதுக்கினோம். காருக்குள் ஒட்டியிருந்த தார்த் தாளைச் சுரண்டி எடுத்தோம். கீழே ஒட்டும்போது மேலே அது பற்றிக்கொள்ளும். முன் சஸ்பென்ஷனைப் பிரித்து டோர்ஷன் பாரின் முறுக்கை இறக்கினோம். முறுக்கோடு இருக்கிற கம்பியின் பிடியை வெட்டினால் அது எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு படியைத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்காமல் செய்யவே வேண்டாம்.

பிறகு காரை நாலு ஸ்டான்டில் நிறுத்தினோம், வெட்டப் போகும் இடம் எதிலும் பாரம் விழாதபடி. மட்டம் பார்க்க மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கினேன். கண்ணாடிபோல் தெரியும் அந்தக் குழாயை முன்னும் பின்னும் பிடித்து, நாலு மூலையும் ஒரே உயரத்துக்கு வரும்வரை ஸ்டான்டுக்கு அடியில் பலகைச் சீவல் செருகினோம். கதவு வாசலுக்குக் குறுக்கே மேலும் கீழுமாக ஆங்கிள் இரும்பு வைத்து ஒட்டினோம். அதற்கு முன்பே கதவைச் சாத்தி, சுற்றிவர இடைவெளியை ஒரு ஹார்ட்போர்ட் துண்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். கடைசியில் பொருத்திப் பார்க்க அந்தக் குறிதான் சாட்சி.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். வலது பக்கம் ஒட்டி ஆறும்வரை இடது பக்கத்தில் கைவைக்கவில்லை.

கதவுக்குக் கீழே போகும் பெட்டியின் வெளித்தகட்டை உரித்தபோது உள்ளே கண்டதை எப்படிச் சொல்ல? பெட்டிக்குள் செம்மண்ணும் கறளும் அடுக்கடுக்காக, ஈரப் பனங்கட்டி போல இறுகிக் கிடந்தன. தண்ணீர் வடிய வைத்த ஓட்டைகள் அடைத்து எத்தனையோ மாரி போயிருக்கிறது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் அது ஊதியே, தகடுகளைப் பொட்டுப் பொட்டாக இணைக்கும் ஸ்பொட் வெல்டைப் பிய்த்திருந்தது. பெட்டிக்குள் நடுவில் நிற்கும் தகடு மைனரின் பலத்தில் பெரிய பங்கு. அதில் மிச்சம் இருந்தது மேல் விளிம்பு மட்டும். சாரதிப் பக்கக் காலில் இன்னொரு வினை. மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தளத்துக்குக் கீழே அந்தக் காலுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கசிந்த பிரேக் எண்ணெய் பெயின்றை உரித்துவிட, கறளுக்கு வழி திறந்துவிட்டது.

மினுங்குகிற தகடு வரும்வரை வெட்டினோம். புதுத் தகடு கதவடிப் பெட்டிக்கு 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, குரொஸ் மெம்பர் முனைக்கு 1.5 மில்லிமீற்றர். நெல்லியடியில் ஒரு தகரப் பட்டறையில் மட்டை அச்சுக் கொடுத்து மடித்து எடுத்தேன். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களுக்கென்றே மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வெயார் 1990களில் இந்தக் காரின் பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினார் என்பது எங்கள் தலைமுறைக்கே மறந்துபோனது. இங்கே கை வேலைக்குக் குறைவில்லை. கல்வனைஸ் தகரத்தை மட்டும் யாரும் மலிவு என்று எடுக்காதீர்கள். அதை ஒட்டும்போது கிளம்பும் நாகப் (சிங்க்) புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

ஒட்டியது சீஓடூ காஸ் வெல்டிங், 0.8 மில்லிமீற்றர் கம்பி. சோளகக் காற்று அடிக்கிற காலம். கொட்டில் வாசலால் வரும் காற்று, ஒட்டைக் காக்கிற காஸை ஊதிவிட, ஒட்டு இடியப்பத் தட்டுப்போல ஓட்டை ஓட்டையாக வரும். மூன்று பக்கமும் படங்கு கட்டி, காலைக் காற்று எழும்ப முன்னம் ஒட்டினோம். இடையிடையே தள்ளித் தள்ளிப் பொட்டு வைத்து, ஒரு பொட்டு ஆறும்வரை மற்ற முனைக்குப் போவது. ஒரே இழுப்பில் கோடு போட்டால் மெல்லிய தகடு நெளிந்து, கதவு பொருந்தாது. ஆங்கிளை வெட்டி எடுத்துக் கதவை மாட்டியபோது ஹார்ட்போர்ட் குறியோடு இடைவெளி ஒத்து வந்தது. அண்ணை கதவை இரண்டு விரலால் தள்ளிச் சாத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையைப் போட்டார்.

வெளியே எபொக்சி பிரைமர் அடித்தோம். சிவப்பு ஒக்சைட்டை மட்டும் நம்பினால் ஈரம் அதனூடாக இறங்கும். பெட்டிக்குள் பிரைமர் காய்ந்த பிறகு, வடி ஓட்டைகளால் நீண்ட குழாய் விட்டு மெழுகு பீச்சினோம், மறுபக்க ஓட்டையால் வடியும் வரை. ரப்பர் அண்டர்கோட் அடிக்கச் சொன்னவர்கள் உண்டு. அது வெடித்தால் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு வெளியே நல்ல பிள்ளையாக நிற்கும். மெழுகென்றால் வருடா வருடம் மாரிக்கு முன் திரும்ப அடிக்கலாம், கீழே என்ன நடக்கிறது என்றும் தெரியும்.

பின் இடது ஸ்பிரிங் பூட்டுகிற இடம் இன்னும் மிச்சம். தகடு மடித்து வந்துவிட்டது, காஸ் சிலிண்டர்தான் நிரப்ப வேண்டும்.