பார்க்கலாம்

"அப்பாகிட்ட எடுத்த சதையை வெச்சுத்தானே இந்த மருந்தைக் கண்டுபிடிச்சீங்க? அப்போ அவருக்கு மட்டும் ஏன் கொடுக்க மாட்டேங்கறீங்க?"

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு, கையிலிருந்த ஆராய்ச்சி ஒப்புதல் படிவத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். "இது இனிமே வர்றவங்களுக்கு உதவும்மா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவள் அப்பாவின் நுரையீரல் செல்களில் தழும்பு உண்டாவதை அந்த மருந்து ஆய்வகத் தட்டில் குறைத்தது. எலியிலும் குறைத்தது. மனிதருக்கு எவ்வளவு கொடுப்பது, கல்லீரல் தாங்குமா, எதுவும் தெரியாது. மாரடைப்பு வந்தவர்களின் சீரற்ற துடிப்பை அடக்க ஒருகாலத்தில் நம்பிக்கையோடு மாத்திரை எழுதினார்கள். ஈசிஜி அழகாகத்தான் இருந்தது. 1989இல், அந்த மாத்திரைகளைச் சோதித்த காஸ்ட் என்ற ஆய்வு எண்ணிப் பார்த்தபோது மாத்திரை சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 22 பேர். ஆகவே நான் மறுத்தது சரி.

இப்படி முடிவு கட்டும்போதே நியூசிலாந்தின் ஆக்லாந்து நினைவுக்கு வந்துவிடும். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறையும் என்று அங்கிருந்த மருத்துவர்கள் லிக்கின்ஸும் ஹோவியும் 1972லேயே காட்டினார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழு அதைப் பரவலாகப் போடச் சொன்னது 1994இல். அந்த 22 வருடமும் என்னைப் போல யாரோ "பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? ஆனால் அது மனிதரில் சோதித்துப் பார்த்த மருந்து. என் கையிலிருந்தது அப்படியல்ல. இதையும் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

உண்மையில் என்னை உறுத்துவது அந்தப் பதில்கூட இல்லை. கையெழுத்து வாங்கிய அன்று பெரியவர், "இதனால எனக்கு மூச்சு சரியாகுமா?" என்று கேட்டார். 'நேரடிப் பயன் கிடைக்காமல் போகலாம்' என்ற வரியை அப்போதுதான் வாசித்துக் காட்டியிருந்தேன். இருந்தும் அவர் முகத்தைப் பார்த்து, "பார்க்கலாங்க ஐயா" என்றேன். ஆறுதலுக்குச் சொன்ன சொல். வீட்டுக்குப் போய் மகளிடம், "மருந்து வரப்போகுதாம்" என்றிருக்கிறார்.

இப்போதெல்லாம் படிவத்தை வாசித்ததும், புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். போன வாரம் ஓர் அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். அப்புறம் கேட்டார்: "எனக்குச் சரியாயிடும்ல?"