ஹெட்செட்டுக்குள் ஒரு கப்பல்

கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, குளச்சல் பக்கம் கப்பல் வேலைக்குப் போகும் பையன்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கண்ணில் மாட்டினால் கணினிக் காட்சிக்குள்ளேயே நிற்பது போல இருக்கும் வி.ஆர். ஹெட்செட் வந்ததும் எல்லாருக்கும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நின்று கப்பல் ஓட்டத்தான் ஆசை. நான் முதலில் அந்தக் காட்சியில் வரும் புகைக்குள் அனுப்புவேன்.

நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது, கப்பலில் இருப்பவர்கள்தான் அணைக்க வேண்டும். புகை அடைத்த இன்ஜின் ரூமில் தன் கையே தனக்குத் தெரியாது. குனிந்து, சுவரைத் தடவி, ஏணியையும் கதவையும் மனக்கணக்கில் வைத்து வெளியே வர வேண்டும். இதைப் பழக்குவதற்காக ஓடுகிற கப்பலுக்கு யாரும் தீ வைக்க முடியாது. ஹெட்செட்டில் முடியும். வழி தவறினால் மறுபடி முதலில் இருந்து நடக்கலாம், உயிர் போகாது. ஆனால் அதில் சூடு கிடையாது, தண்ணீர் பாயும் ஹோஸின் உதைப்பும் கிடையாது. அதனால் கழற்றியதும் முற்றத்துக்குக் கூட்டிப்போய் நிஜ ஹோஸைப் பிடிக்க வைக்கிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் பயிற்சி.

கை பழக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க ஒரு காரணம் உண்டு. 2017 ஆகஸ்டில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூர் அருகே ஒரு டேங்கர் கப்பலுடன் மோதி 10 பேர் இறந்தார்கள். ஸ்டீயரிங் செயலிழந்துவிட்டது என்று பிரிட்ஜில் இருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கட்டுப்பாடு பிரிட்ஜிலேயே வேறு கன்சோலுக்கு, அதாவது வேறு இயக்கு மேசைக்கு, மாறியிருந்தது. அதன் பிறகு அந்தக் கடற்படை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தொடுதிரை த்ராட்டிலை விட்டுக் கையால் தள்ளும் த்ராட்டிலுக்கே திரும்ப முடிவு செய்தது. அந்த மாதிரிக் குழப்பத்தைக் கரையிலேயே சந்தித்துப் பழகுவதற்குத்தான் பிரிட்ஜ் பயிற்சி வேண்டும்.

இங்கே ஒரு ஆச்சரியம். பிறந்ததில் இருந்து அலையில் கிடந்த மீனவப் பையன்கூட ஹெட்செட் மாட்டிய கொஞ்ச நேரத்தில் "சாரே, தல கறங்குது" என்று உட்கார்ந்துவிடுகிறான். வள்ளத்தில் கண்ணும் உடம்பும் சேர்ந்து ஆடும். இங்கே கண் ஆட்டத்தைப் பார்க்கிறது, உள்காதோ அசைவே இல்லை என்கிறது. தலையைத் திருப்பும்போது படம் சற்றுப் பிந்தினாலும் மயக்கம் கூடிவிடும். சிறுசிறு நேரமாகப் பழக்கினால் சரியாகிறது.

ஆனால் கரையடையாளங்களை வைத்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் குறிக்கும் பாடத்தில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. மலையையும் சர்ச் கோபுரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கணியம் பார்த்து, அதாவது கடலில் தாங்கள் இருக்கும் இடத்தைக் கணித்து, வளர்ந்தவர்கள். திசைகாட்டியின் கோணத்தை எண்ணாக எழுதுவது ஒன்றுதான் அவர்களுக்குப் புதிது. அப்பாவும் தாத்தாவும் கொடுத்த அந்த அறிவை வகுப்பில் உரக்கச் சொல்லிப் பாராட்டாமல் என்னால் இருக்க முடியாது.

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பருக்குப் பிறகு இன்னொன்றும் மனதில் இருக்கிறது. இந்தப் பயிற்சி கப்பல் வேலைக்குப் போகிறவர்களோடு நிற்கக் கூடாது. தேங்காய்ப்பட்டணம், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்களுக்கும் வேண்டும். இரவில் படகு கவிழ்வது, லைஃப் ஜாக்கெட்டைத் தேடி எடுப்பது, ஆபத்தில் உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் அபாய பீக்கனை இயக்குவது எல்லாம் பழக வேண்டும். காட்சியில் இருப்பது போர்க்கப்பலாக இல்லாமல் அவர்களுடைய சொந்தப் படகாக இருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள், அப்போது தொடங்கலாம்.